சாந்தகுமாரி அனுப்பிய கார்டு

சாந்தகுமாரி கோலார் தங்கவயல்காரர். 2001இல் தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டதால், அங்கே வேலை பார்த்த அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்தபோது, வீட்டில் வேலைக்குப் போனவர் அவர் ஒருவர்தான். தினமும் காலை ரயிலில் பெங்களூர் வந்து, பிரேசர் டவுனில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தார்.

மறுவருஷம் ஒரு கம்பெனி எட்டுப் பழைய கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்குத் தந்தது. அவற்றில் விண்டோஸுக்குப் பதில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் போட்டார்கள். எழுத்து வந்தது. படம் திறந்தால் மட்டும் திரை முழுக்கக் கோடுகள் ஓடின. அந்தப் பிள்ளைகளுக்குப் படம்தான் பாடம். சாந்தகுமாரி லினக்ஸ்காரர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினார். நாணு என்ற மென்பொருள் பொறியாளர் ஒரு சனிக்கிழமை நேரில் வந்து பார்த்தார்.

"மேடம், திரையில படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டுல கோளாறு இல்ல. அதுகூட எப்படிப் பேசணும்னு லினக்ஸுக்குத் தெரியல. அதுக்கு டிரைவர்னு ஒரு புரோகிராம் வேணும். இந்த கார்டுக்கு யாரும் எழுதல."

"யாரு எழுதுவாங்க சார்?"

"போலந்துல யானுஷ்னு ஒருத்தர் இந்த மாதிரி டிரைவர் எழுதுறார். கேட்டுப் பாருங்க."

யானுஷ் இரண்டே வரியில் பதில் போட்டார்: எழுதிப் பார்க்கலாம், ஆனால் என்னிடம் அந்த கார்டு இல்லை.

சாந்தகுமாரி தலைமையாசிரியை சிஸ்டர் ஜோசபினிடம் போய் நின்றார். "சிஸ்டர், ஒரு கார்டைக் கழட்டி அவருக்கே அனுப்பிடலாமா? ஒரு மெஷின் போயிடும்."

"இப்ப எட்டும் போய்த்தானே கிடக்குது? அனுப்பும்மா."

பார்சல் போன பிறகு ஏழு வாரம் எந்தத் தகவலும் இல்லை. முகம் தெரியாதவரை நம்பிப் பள்ளிப் பொருளைக் கொடுத்துவிட்டோமே என்று சாந்தகுமாரி கவலைப்பட்டார். எட்டாவது வாரம் டிரைவர் வந்தது. கோடுகள் போயின. ஆனால் சிவப்பு நீலமாகத் தெரிந்தது. ஆஷா என்ற சிறுமி திரையில் இருந்த நீலத் தக்காளியைக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பதுபோல் சைகை செய்தாள். வகுப்பே உருண்டு சிரித்தது. சாந்தகுமாரி அதையும் தன் தயங்கித் தயங்கி எழுதும் ஆங்கிலத்தில் அப்படியே எழுதி அனுப்பினார். யானுஷ் திருத்தி அனுப்ப, இவர் சோதித்துச் சொல்ல, ஐந்தாவது முறை எல்லாம் சரியாக வந்தது.

அன்று பிள்ளைகள் ஏழு கம்ப்யூட்டர்களில் வரைந்த படங்களை யானுஷுக்கு அனுப்பினார்கள். 'வேலை முடிந்து வந்து சும்மா எழுதிய புரோகிராம் இது. யாருக்குப் பயன்படுகிறது என்று இன்றுதான் பார்த்தேன்' என்று அவர் பதில் எழுதியிருந்தார். சாந்தகுமாரி அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து பெங்களூர் ஆடுகோடியில் தொழிற்பயிற்சிக் கூடம் நடத்தும் இராஜமாணிக்கம் என்பவர் பள்ளிக்குப் போன் செய்தார்.

"மேடம், எங்ககிட்டயும் அதே கார்டுதான். இன்டர்நெட்ல கிடைச்ச டிரைவரைப் போட்டோம், இப்ப பதினாறு மெஷினும் ஜோரா ஓடுது. அந்த டிரைவர் கூட வந்த ஃபைல்ல, நன்றின்னு போட்டு உங்க பேரு, ஸ்கூல் பேரு இருந்துச்சு. அதான் ஒரு வார்த்தை சொல்லலாம்னு."

தன் பெயர் அதில் இருப்பதே சாந்தகுமாரிக்கு அதுவரை தெரியாது.

"எழுதுனவரு போலந்துல இருக்கிற யானுஷ்ங்க சார். அட்ரஸ் தர்றேன், அவருக்கும் ரெண்டு வரி எழுதிப் போடுங்க. ரொம்ப சந்தோஷப்படுவாரு" என்றார்.