உப்பு மண்ணில் சாச்சியின் செடி

ஆம்பூரில் எங்கள் கொல்லையை ஒட்டித் தோல் பதனிடும் மண்டி. உப்புத்தோல் அலசிய தண்ணீர் வேலிக்கடியில் கசிந்து வந்து முதலில் எங்கள் முருங்கையைக் கொன்றது, பிறகு அம்மாவின் அவரைப் பந்தலை. எனக்கு விவரம் தெரிந்தபோது அங்கே வெறும் வெள்ளைத் தரைதான்.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் தம்பியான என் சாச்சா, கடற்கரை ஊரான பழவேற்காட்டில் பெண் கட்டினார். புதிதாக வந்த சாச்சி அந்தத் தரையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எங்க கடக்கரை மண்ணு மாதிரியே இருக்கே!"

முந்தானை முடிச்சிலிருந்து நாலைந்து விதைகளை எடுத்து, அம்மியில் லேசாகத் தேய்த்து, ஊறவைத்து ஊன்றினாள்.

"உப்புல இன்னாம்மா மொளைக்கும்?" என்று அம்மா சிரித்தார்.

"எங்க ஊர்லயே எங்கனா ஒண்ணுதான் இருக்கும் அக்கா. ஆனா உப்புக்குப் பயப்படாது."

ஒரே ஒரு விதை முளைத்தது. இரண்டு வருஷத்தில் என்னைவிட உயர்ந்துவிட்டது. பூனைக்குட்டியின் காது போல மெத்தென்ற வெள்ளி இலை. கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூ. சிரித்த அம்மாவே பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்து காட்டினார்.

அந்த வருஷம் மண்டிக்கு ஆவாரம்பட்டை வண்டிகள் வரவில்லை. பட்டை இல்லாமல் தோல் பதமாகாது. மேஸ்திரியான அத்தா சோறு இறங்காமல் தவித்தார். மஞ்சள் பூ பூப்பதெல்லாம் ஆவாரம்தான் என்று நினைத்த நான், கத்தியால் சாச்சியின் செடியைச் சுற்றிலும் உரித்து, பாவாடையில் பட்டையை அள்ளிக்கொண்டு மண்டிக்கு ஓடினேன்.

அத்தா அதை முகர்ந்து பார்த்தார். "இது ஆவாரம் இல்லம்மா. எங்க உரிச்ச?"

சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது சாச்சி அரிவாளோடு செடியருகே நின்றிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவள் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, காயத்துக்குக் கீழே ஒரே வெட்டாக வெட்டினாள். பூவெல்லாம் தரையில் விழுந்தது. நான் ஓவென்று அழுதேன்.

"அழுவாதே. புயல் அடிச்சா எங்க ஊர்ல இப்பிடித்தான் மொட்டையா நிக்கும், அப்பறம் அடியிலேருந்து துளிர்க்கும்" என்று சிரித்தபடியே என் கண்ணைத் துடைத்தாள். அந்தப் பூக்களில் ஒரு கொத்தை என் சடையிலும் செருகினாள்.

மழைக்காலத்தில் ஒரு காலை, மொட்டைக் கட்டையைச் சுற்றி ஐந்து வெள்ளித் துளிர்கள். "சாச்சி, வந்துடுச்சு!" என்று கத்தினேன். ஓடி வந்து பார்த்தவள் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் ஒருமுறைகூடப் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கிற வயதில்லை. என்மேல் கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது என்று பயந்து, மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.