போஸ் கொடுத்ததால் பிழைத்தேன்

சின்னமனூர் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில், கைவிடப்பட்ட மோட்டார் ரூம் சுவரில் பழைய சோப்பு விளம்பரத்தைப் பார்த்தேன். மங்கிய நீல எழுத்துகள் அவ்வளவு அழகு! முழுச் சுவரும் படத்தில் வரவேண்டுமென்று, செல்போனைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தேன்.

"அக்கா, அங்கனயே நில்லுங்க! உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே வந்தார் தோட்டத்துக்காரப் பெண். நானும் போஸ் கொடுத்து நின்றேன். பக்கத்தில் வந்ததும் சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தார். திரும்பிப் பார்த்தால், ஓரடி தள்ளி, சுற்றுச்சுவரே இல்லாத கிணறு!

"ஏம்மா, சத்தம் போட்டிருக்கலாமே?"

"கத்துனா பதறிப்போயி பின்னாலதான் கால வப்பீக. போட்டோன்னா எல்லாரும் அசையாம நிப்பாக!"

என்ன சமயோசிதம்! இப்போதெல்லாம் எவ்வளவு அழகான பழைய சுவரானாலும், எனக்குப் பின்னால் இருப்பதைத்தான் முதலில் படமெடுக்கிறேன்.