லென்ஸக்காவின் முதல் லென்ஸ்

பழைய லென்ஸைப் புதுக் கேமராவுக்கு அறிமுகம் செய்துவைப்பதுதான் லென்ஸக்காவின் தொழில். பெயர் வாடிக்கையாளர்கள் வைத்தது. அவளுக்கு நாற்பத்தாறுதான் ஆகிறது. அறுபதைத் தாண்டியவர்களும் கூச்சமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். துணிக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் ஒரே ஒரு அறை. ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் கழுத்து வளையும் விளக்கு, கழற்றிய திருகாணிகளைப் போட்டுவைக்கப் பழைய மாத்திரை டப்பா, பல் வைத்தியர் கையில் இருப்பதுபோல ஒரு சின்னத் துளைக்கருவி. அவ்வளவுதான் சாம்ராஜ்யம்.

ரேஞ்ச்ஃபைண்டர் என்று ஒரு ரகக் கேமரா. அது டிஜிட்டல் ஆன பிறகு, தன் வாயில் மாட்டியிருப்பது எந்த லென்ஸ் என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். புது லென்ஸ்களின் பின்வளையத்தில் ஆறு புள்ளிகள் இருக்கும், சில கறுப்பு, சில வெள்ளை. கேமராவில் உள்ள ஆறு குட்டிக் கண்கள் அதைப் படித்து, வந்திருப்பவர் யாரென்று தெரிந்துகொண்டு, அதற்கேற்பப் படத்தின் ஓரங்களைச் சரிசெய்துவிடும். நாற்பது வருடத்துக்கு முந்தைய, கையால் திருகும் லென்ஸுக்குப் புள்ளிக்கு எங்கே போவது? அகலமாகப் பிடிக்கும் லென்ஸ் என்றால் படத்தின் ஓரமெல்லாம் சிவந்துவிடும். லென்ஸக்கா அந்த வளையத்தில் ஆறு குழி போட்டு, அட்டவணைப்படி கறுப்பும் வெள்ளையும் நிரப்பிக் கொடுப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ஒரு புள்ளி பிசகினால் கேமரா வேறு யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும்.

அவள் கணவர் படம் எடுப்பவர். கம்பெனிக் கூட்டம், பள்ளிக்கூட ஆண்டுவிழா, பட்டமளிப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். ஐந்து மாதத்துக்கு முன் அப்படி ஒரு வேலை முடித்துத் திரும்பும்போது பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தோளைத் தட்டியபோதுதான் தெரிந்தது.

லென்ஸக்கா அழவில்லை. அவரைக் கொண்டுபோன அன்றும் அழவில்லை, அதற்கப்புறமும் இல்லை. எட்டாம் நாள் மாடியேறி வந்து விளக்கைப் போட்டு வேலையை ஆரம்பித்துவிட்டாள். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? "கல்லு மாதிரி இருக்காளே" என்று காதுபடவே பேசினார்கள். அவர்கள் பேசியதுகூட அவளை உறுத்தவில்லை. சோறு மண் மாதிரி இருந்தது, தூக்கம் ஒழுங்காக வந்தது, யாராவது எதையாவது கேட்டால் பதில் சொன்னாள். உள்ளுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. இருபது வருடம் கூட இருந்த மனுஷன்மேல் தனக்குப் பாசமே இல்லையோ என்பதுதான் அவளுடைய பயம். அந்தப் பயமும் தூரத்தில் யாருக்கோ வந்தது மாதிரித்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் நாத்தனார் வந்தாள். கணவருக்கு ஒரே தங்கை. அண்ணனோடு உதவிக்குப் போய் வந்தவள், இப்போது அவருடைய கேமராவையும் வேலைகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பையை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினாள்.

"அண்ணி, அண்ணனோட இந்த இருபத்தெட்டு எம்.எம். லென்ஸ் கெட்டுப்போச்சா, பாருங்க. ஓரமெல்லாம் செக்கச்செவேல்னு வருது. நாளைக்குப் பட்டமளிப்பு விழா. தனியா போற முதல் வேலை, மானம் போயிடும்."

"கேமராவுல எதையாவது மாத்தினியா?"

"எல்லாத்தையும் அழிச்சு ஆரம்பத்துல இருந்த மாதிரி வெச்சேன். அவ்வளவுதான்."

லென்ஸக்கா அதைக் கையில் வாங்கினாள். அவள் வாழ்க்கையில் முதன்முதலாகப் புள்ளி வைத்த லென்ஸ் அது. பதினோரு வருடத்துக்கு முன், ரேடியோ கம்பெனியில் சர்க்யூட் பலகைக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்த காலம். யாரோ கொடுத்த அட்டவணையை வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குனிந்து உட்கார்ந்து செய்தாள். கணவர் எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்துவிட்டு வந்து, "கச்சிதம். ஒரு புள்ளிகூட பிசகல" என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்த அறையைப் பிடித்தாள்.

லென்ஸை மாட்டி, கேமரா தானே புள்ளியைப் படிக்கும்படி ஆட்டோவில் வைத்துப் பார்த்தாள். திரையில் தொண்ணூறு என்று வந்தது, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் வேறொரு லென்ஸின் எண். கேமராவின் குட்டிக் கண்களில் தூசியோ என்று துடைத்தாள். மறுபடியும் தொண்ணூறு. வேறு ஒரு லென்ஸை மாட்டினால் கேமரா ஒழுங்காகச் சொன்னது. அப்புறம்தான் லென்ஸைக் கழற்றி, அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இடமிருந்து வலம் வைக்க வேண்டியதை வலமிருந்து இடம் வைத்திருந்தாள். அட்டவணை கேமராப் பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தது; அவள் லென்ஸ் பக்கத்திலிருந்து படித்திருக்கிறாள்.

இந்தத் தவறு அவளுக்குப் புதிதல்ல. அறை பிடித்த மாதமே ஒரு வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை பிடித்தபோது தெரிந்துகொண்டு, முறையைத் திருத்திக்கொண்டாள். அன்று சாயங்காலமே கணவரிடம், "உங்களோடதையும் கொடுங்க, பாத்துடறேன்" என்று கேட்டாள். "அது நல்லாத்தான் இருக்கு, ஊரான் லென்ஸை முதல்ல பாரு" என்று சொல்லிவிட்டார். சில லென்ஸுக்கு எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றுதான். அதுவும் அப்படி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"என் தப்பு. புள்ளி திரும்பி இருக்கு" என்றாள்.

"அதெப்படி அண்ணி? அண்ணன் இதுலதான எடுப்பாரு. ஒரு படமாவது சிவந்து பாத்ததில்லையே."

நாத்தனார் மடிக்கணினியைத் திறந்து, அவர் கடைசியாக எடுத்து, இன்னும் யாரும் பொறுக்கிப் பார்க்காமல் கிடந்த படங்களைக் காட்டினாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் லென்ஸ் பெயரும் நேரமும் இருந்தன. இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தெட்டு. ஆட்டோவை விட்டுவிட்டு, கேமராவுக்குள் இருக்கும் லென்ஸ் பட்டியலில் கையால் தேர்ந்தெடுத்தால் மட்டும்தான் அப்படி வரும். லென்ஸக்கா மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு படம், மேடையில் ஒருவர் பூங்கொத்து வாங்குகிறார், ஓரமெல்லாம் சிவப்பு, கீழே தொண்ணூறு. அடுத்த படம் அதே மேடை, ஓரம் சுத்தம், இருபத்தெட்டு. இரண்டுக்கும் நடுவே ஒன்பது விநாடி.

இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி அப்படி ஒரு ஜோடி. பதினோரு விநாடி. அதற்கப்புறம் எட்டு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு லென்ஸ் மாட்டிக் கழற்றினால் இந்தக் கேமரா தானாக ஆட்டோவுக்குத் தாவிவிடும். இருபத்தெட்டைத் திரும்ப மாட்டும்போதெல்லாம் அவர் பட்டியலுக்குள் போய், பித்தானை அழுத்தி அழுத்தி இறக்கி, சரியான பெயரைத் தேடி வைத்திருக்கிறார். அவசரத்தில் மறந்தால் ஒரு படம் சிவந்துவிடும், உடனே நினைவு வந்து மாற்றிக்கொள்வார். மேடைமேல் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்க, கூட்டம் முதுகில் இடிக்க, பதினோரு வருடமாக இதைச் செய்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கச்சிதம் என்று சொல்லியிருக்கிறார்.

லென்ஸக்கா பஞ்சைத் தின்னரில் தோய்த்தாள். முதல் குழியிலிருந்த கறுப்பு கரைந்து பஞ்சில் ஒட்டியது. இரண்டாவது குழிக்குப் போகும்போது கை நின்றுவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தது, காது சூடாகிற அளவுக்கு.

"பதினோரு வருஷம். ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா இந்த மனுஷனுக்கு?"

நாத்தனார் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தாள். "உங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டிருப்பாரு அண்ணி."

"கஷ்டப்பட்டா பட்டுட்டுப் போறேன். நான் என்ன சின்னப் பிள்ளையா? பத்து நிமிஷ வேலை இது. வெறும் பத்து நிமிஷம். கேட்டிருந்தா செஞ்சு கொடுத்திருப்பேன்ல."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. இப்படி ஒரு சத்தம் தன் தொண்டையிலிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது. நாத்தனார் லென்ஸை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்; அவள் கொடுக்கவில்லை. கண்ணீர் கண்ணாடியில் விழாதபடி கையை எட்டி நீட்டி, லென்ஸைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதாள்.