துணைப் பயிற்சியாளர் பிடித்த கை

உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியின் கபடி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. என் துணைப் பயிற்சியாளருக்கு ஐம்பத்தைந்து. இருபத்தேழு வருடமாக அவருக்கு அதே மைதானம், அதே பதவி. எனக்கு முன்னால் ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள் வந்து போயிருந்தார்கள். கோப்பையோடு எடுத்த படங்களில் எல்லாம் அவர் ஓரத்தில், ஒரு தோள் வெட்டுப்பட்டு நின்றார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சார் என்பார். களத்து மண்ணைக் கொத்திவிடுவதும் பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போடுவதும்தான் அவர் வேலை என்று முதல் வருடம் முழுக்க நினைத்திருந்தேன்.

இரண்டாம் வருடம் தேனியில் அரையிறுதி. எங்கள் அணியின் பெரிய பலம் ஓடைப்பட்டிக்காரன் ஒருவன். திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, மூன்றாம் ஆண்டு மாணவன். பாடிப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டான். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கையில் எதிரணிப் பையனின் முழங்கால் அவன் தலையில் இடித்தது. உடனே எழுந்துவிட்டான். சிரித்தான். அடுத்து ஒருமுறை பாடிப் போய் ஒரு புள்ளியும் எடுத்து வந்தான்.

அண்ணன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் களத்துக்குள் போனார். அவன் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

"மாத்து ஆளை எறக்குங்க சார். இவன் ஆட வேணாம்."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றான் அவன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவன் நல்லாத்தான இருக்கான்? நான் சொல்றேன், உள்ள போகட்டும்!"

அவர் குரல் உயரவில்லை. பிடியும் தளரவில்லை. "என்னைய வேணா வீட்டுக்கு அனுப்பிருங்க. இவன உள்ள அனுப்பாதீக."

இரண்டு புள்ளியில் தோற்றோம். அரை மணி நேரத்தில் வேனுக்குள் அவன் வாந்தி எடுத்தான். வண்டியை நேராக மருத்துவமனைக்கு விட்டோம். ஸ்கேன் பார்த்த டாக்டர், மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். இதன் மேல் இன்னொரு அடி விழுந்திருந்தால் பேசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது என்றார். பத்து நாளில் அவன் வீடு திரும்பினான். அதற்குப் பிறகு ஆடவில்லை. இப்போது தோட்டம் பார்க்கிறான். போன வருடம் கல்யாணம்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேன்: "எப்படிண்ணே தெரிஞ்சது?"

"எப்பவும் கோட்டத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான சார் பாடிப் போவான்? அடிபட்ட பெறகு பாடிப் போனப்ப கும்பிடல. மறந்துட்டான்."

பன்னிரண்டு பேர் அணி. மற்றவர்களைப் பற்றியும் கேட்டேன். களைத்தால் எவன் எந்தத் தோளைத் தூக்குவான், பயந்தால் எவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வான் என்று ஒவ்வொருவனாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் வருவதற்குப் பல வருடம் முன்னால் ஆடிப் போனவர்களைக்கூட விடவில்லை.

அடுத்த வாரம் பயிற்சியில் நோட்டு, விசில் எல்லாவற்றையும் கீழே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பையன்களையே உற்றுப் பார்த்தேன். ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியவில்லை.