போலி சர்வரைத் தொடாத திருடர்கள்

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர்களைக் காப்பது என் வேலையாகவும் என் நண்பன் வேலையாகவும் இருந்தது. தாம்பரத்தில் ஒரே அறை, தினமும் ஒரே மின்சார ரயில். அவனை நம்பாமல் நான் யாரை நம்புவது?

எங்கள் முறை 'கேம் தியரி' என்கிற ஆட்டக் கோட்பாட்டிலிருந்து வந்தது. எல்லா சர்வருக்கும் காவல் போட ஆள் கிடையாது. அதனால் திருட வருகிறவன் எப்படி யோசிப்பான் என்று கணக்குப் போட்டு, நிஜ சர்வர்களுக்கு நடுவே போலிகளை வைத்தோம். போலியைத் தொட்டால் மணி அடிக்கும், ஆள் அகப்படுவான். எது போலி என்று யாரும் ஊகிக்க முடியாதபடி திங்கள்கிழமைதோறும் சீட்டுக் குலுக்கி இடம் மாற்றுவோம். எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது, துறைத்தலைவருக்கும்கூட. இந்த விதியைப் போட்ட மகானே அவன்தான்.

முறை தேறுமா என்று பார்க்க நிர்வாகம் வெளியிலிருந்து ஒரு கம்பெனியை வரவழைத்து, திருடர்கள்போல நுழைந்து பார்க்கச் சொன்னது. அவர்கள் உள்ளே நுழைந்துவிட்டால் பாதுகாப்பு வேலை முழுக்க அவர்களுக்கு. என் ஒப்பந்தம் காலி. நுழைய முடியாவிட்டால் எனக்கு வேலை நிரந்தரம்.

சோதனை நாளில் மதியச் சாப்பாட்டுக்குள் அவர்கள் நுழைந்துவிட்டார்கள், கதை முடிந்தது. "இன்னா சார், உங்க கேம் தியரி எல்லாம் பேப்பர்ல மட்டுந்தானா?" என்று நிர்வாகி சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவில்லை. ஒரு மணிகூட அடிக்காததுதான் உறைத்தது. எவ்வளவு கெட்டிக்காரத் திருடனும் ஒரு போலியிலாவது இடறியிருப்பான். இவர்களோ ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத் தாண்டிப் போயிருந்தார்கள்.

திரும்பும் ரயிலில், போலிகள் எங்கே என்று அவர்களிடம் சொன்னாயா என்று நண்பனிடம் நேராகக் கேட்டேன்.

"மச்சான், அந்த கம்பெனில எனக்கு வேலை போட்டுத் தரேன்னாங்கடா. கேட்டாங்க, சொல்லிட்டேன்."

"அப்போ என் வேலை?"

"உனக்கு இன்னாடா, நீ மூளைக்காரன். எங்க போனாலும் கிடைக்கும்."

கூடவே இருந்து குழி பறித்துவிட்டு சர்டிபிகேட் வேறு கொடுக்கிறான்!

எதிராளி என்னவெல்லாம் செய்வான் என்று பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அதில் காக்கிறவன் என்று ஒரே ஆளைத்தான் போட்டிருந்தேன். என் நண்பனையும் என்னையும் தனித்தனி ஆளாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.