ஞாயிற்றுக்கிழமை மழை

எங்கள் தோட்டத்தில் மழையை அளப்பவர் காளியண்ணன். தேயிலைக்கு மருந்தடிப்பதுதான் அவர் வேலை. ஆனாலும் இருபத்திரண்டு வருடமாகக் காலை ஏழு மணிக்கு மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளந்து, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியான என்னிடம் வந்து சொல்வார். நான் புத்தகத்தில் எழுதுவேன். அரைப் புள்ளி பிசகினாலும் அவருக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு நேர்மைப் பைத்தியம்.

ஞாயிறு மட்டும் விடுமுறை. அன்று அவரும் மனைவி இராசம்மாவும் விடிந்ததுமே ரிங்லெட் டவுனுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். திங்கட்கிழமை அளந்தால் இரண்டு நாள் தண்ணீர் இருக்கும். தோட்டத்தில் இரண்டு பேர் ஒரே கூடையில் கொழுந்து எடுத்தால் எடையை ஆளுக்குப் பாதியாகப் போடுவது வழக்கம். காளியண்ணன் மழைக்கும் அதையே செய்தார்.

"ஞாயித்துக்குப் பாதி, திங்களுக்குப் பாதி போடுங்க கிராணி. யாருக்கும் கொறை வேணாம்லா," என்பார். நானும் சிரித்துக்கொண்டே எழுதினேன்.

காளியண்ணன் குடியிருந்த மேட்டு லயத்து வீடுகளுக்குப் பின்னால் மண் வெடித்தபோது, அங்கிருந்தவர்கள் வேறு இடத்தில் வீடு கேட்டு மனுக் கொடுத்தார்கள். அதில் முதல் கையெழுத்து இராசம்மாவுடையது. ஒரே நாளில் நூறு மில்லிமீட்டர் தாண்டிய மழை பத்து வருடத்தில் ஆறு முறையாவது பெய்திருந்தால் மாற்றலாம் என்றார் மேனேஜர். என் புத்தகத்தில் மூன்றுதான் இருந்தது. மனு அலமாரிக்குள் போனது.

அடுத்த நவம்பரில் ஒரு சாயங்காலம் மண் சரிந்தது. காளியண்ணன் கடைக்குப் போயிருந்தார். இராசம்மா வீட்டில் இருந்தார். மறுநாள் மதியம்தான் உடலை எடுத்தார்கள்.

மறு வருடம், மலையில் மழை எப்படி மாறிவருகிறது என்று ஆராயும் ஷர்மினி என்ற பெண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தாள். எங்கள் புத்தகத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மத்த எஸ்டேட்ல எல்லாம் பெரிய மழை கூடிக்கிட்டே வருது அங்கிள். இங்க மட்டும் கூடல. அதான் புரியல."

பக்கத்தில் நின்ற காளியண்ணன் ஒரு திங்கட்கிழமை வரியில் விரலை வைத்தார்.

"ஞாயிறையும் திங்களையும் கூட்டிப் பாருமா. அது ரெண்டு மழை இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சுல கொட்டுற மழை."

கூட்டினாள். அந்தப் பத்து வருடத்தில் மூன்றாக இருந்தது பதினொன்றாயிற்று.

"தேங்க்ஸ் அங்கிள், இப்ப சரியா வருது," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். இராசம்மாவைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது.

"அன்னைக்கே கூட்டியிருந்தா வீட்ட மாத்தியிருப்பாங்கல்ல, கிராணி?"

"மாத்தியிருக்க மாட்டாங்கண்ணே. வேற காரணம் சொல்லியிருப்பாங்க," என்று பொய் சொன்னேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது.

அவர் புத்தகத்தை மூடி என் பக்கம் நகர்த்தினார்.

"எட்டுத் தடவையும் பஸ் விட்டு எறங்கி அவகூட நனைஞ்சுக்கிட்டே வந்தவன் நான். எனக்குத் தெரியாம பெய்யல, கிராணி," என்றார்.