முகம் பார்த்துப் பேசிய வீடு

ஆஸ்திரேலியாவில் ஸ்மித்டன் என்ற சிற்றூரில் என் எதிர் வீட்டுக்காரர் நெவில் ஸ்ட்ராக்கன். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றி வரும் டேங்கர் லாரி ஓட்டுகிறார். யார் மேலும் கை ஓங்கியவர் இல்லை. குரலைக்கூட உயர்த்த மாட்டார். அதனால்தான் அவருடைய மனைவி கொரின் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு டெவன்போர்ட்டில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டபோது, தெருவில் ஒருவருக்கும் காரணம் விளங்கவில்லை.

நெவிலுக்கே விளங்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று கொரின் சொன்னது இவ்வளவுதான்:

"தெனம் எந்திரிச்சதும் உன் மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் இன்னிக்கு வாயத் திறக்கலாமா வேணாமான்னு முடிவு பண்றேன் நெவில். எனக்கு அலுத்துப்போச்சு."

நெவிலுக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும். சாப்பிடுவார், வேலைக்குப் போவார், அதே படுக்கையில் படுப்பார். வாய் மட்டும் திறக்காது. பிறகு ஒரு நாள் ஒன்றுமே நடக்காதது போல, டீ இருக்கிறதா என்று கேட்பார். கொரினும் மகன் லாக்லனும் அந்த ஒரு கேள்விக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். லாக்லன் பள்ளி முடித்த கையோடு மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலைக்குப் போய்விட்டான். அத்தனை தூரம் ஏன் என்று அப்பாவும் கேட்கவில்லை, மகனும் சொல்லவில்லை.

கொரின் போன பிறகு நெவிலுக்குத் தூக்கம் போயிற்று. டாக்டர் மாத்திரையோடு, தேவாலயக் கூடத்தில் செவ்வாய்தோறும் நடக்கும் தியான வகுப்புக்கும் போகச் சொன்னார். ஊருக்கு இது தெரிய ஒரு நாள் போதும். மதுக்கடையில் பண்ணைக்காரன் டகல் அவரை விடவில்லை.

"என்னடா, சாமியாராயிட்டியாமே? இனிமே காவி கட்டிக்கிட்டுத்தான் லாரி ஓட்டுவியா?"

"ஆமா. உன் பண்ணைக்கு வர்றப்ப தட்சிண எடுத்து வை" என்றார் நெவில். சிரித்தாலும் அன்று அவர் கண்ணாடிக் குவளையைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டதாக டகலே என்னிடம் சொன்னான்.

வகுப்பை நடத்துபவர் ரொவீனா. கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். நெவில் முதல் நாளே குறட்டை விட்டார். மற்றவர்கள் சிரிக்க, குறட்டையும் மூச்சுதானே, விடுங்கள் என்றாராம் ரொவீனா. பிறகு எல்லோரையும் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். மனம் கெட்டுப்போகும் போதெல்லாம் அது உடம்பில் எங்கே தெரிந்தது, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, இந்த இரண்டை மட்டும் எழுத வேண்டும். நெவில் வாரக் கணக்கில் எழுதியதெல்லாம் மழை, பால், களைப்பு. அவ்வளவுதான்.

குளிர்காலத்தில் ஒரு நாள், ஒரு பண்ணையில் நெவில் குழாயைச் சரியாக மாட்டாமல் விட்டதில் பால் கொட்டிப் போயிற்று. பண்ணைக்காரப் பெண் வேலையாட்கள் முன்னால், "கொஞ்சம் பாத்து மாட்டுங்க" என்றாள். தன்மையாகத்தான் சொன்னாள். நெவிலுக்குத் தாடை இறுகியது. இனி இவளோடு பேச்சே இல்லை என்று லாரியில் ஏறிவிட்டார். ஏறியவர் பழக்கத்தில் மூச்சைக் கவனித்திருக்கிறார். தொண்டை அடைத்திருந்தது. காது சுட்டது. அது கோபம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவமானம்.

ஸ்டியரிங் மேலேயே நோட்டை வைத்து எழுதினார். தான் போட்ட கணக்கில் கொரின் தப்புக் கண்டுபிடித்த நாள், படகு ஏற்றிய இழுவை வண்டியைத் தன்னைவிட நன்றாக லாக்லன் பின்னோக்கி ஓட்டிய நாள் என ஒவ்வொன்றாக வந்தது. எல்லாமே அவமானம். அவர்தான் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருந்தார். இறங்கிப் போய் அந்தப் பெண்ணிடம், தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதற்கும் கீழே ஒன்று இருந்தது. அதை எழுத வெகுநாள் ஆனது என்று வேலியோரம் நின்று என்னிடம் சொன்னார். வீட்டில் இரண்டு பேர் தன் முகத்தையே பார்த்துக் காத்திருந்தது தனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்பதுதான் அது.

கொரினைப் பார்க்க டெவன்போர்ட் போனார். நோட்டை எடுத்துப் போகவில்லை. ஆற்று முகத்துவாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பிடித்திருந்தது என்பது வரைக்கும் சொன்னார். திரும்பி வரும்படி கேட்கவில்லை. கொரின் அவர் பக்கம் திரும்பினாள்.

"இத்தன வருஷமா நான் கேட்டது இது ஒண்ணுதான். நான் கெளம்பி வந்தப்புறம் கொண்டாந்து குடுக்கற. நான் இருந்தப்ப உன்னால முடியலயா, இல்ல அதுக்கு நான் தகுதியில்லன்னு நெனச்சியா?"

பழைய நெவிலாக இருந்தால் அங்கேயே வாய் பூட்டிக்கொண்டிருக்கும்.

"தெரியல கொரின். ஆனா நீ கேக்கறது நியாயம்."

"நீ மாறிட்ட. அதத்தான் என்னால தாங்க முடியல" என்றாள். அவர் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு எழுந்து போனாள். அவள் திரும்பி வரவில்லை.

கிறிஸ்துமஸுக்கு லாக்லன் வந்தான். சாப்பாட்டு மேசையில், அவன் விட்டுப் பிரிந்த பெண்ணைப் பற்றி, நல்ல பெண்ணாயிற்றே என்று நெவில் ஒரு வார்த்தை சொன்னார். லாக்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். அதோடு சரி. மறுநாளும் பேச்சில்லை, அதற்கு மறுநாளும் இல்லை.

நெவில் தன் வீட்டிலேயே அடி மேல் அடி வைத்து நடந்தார். டிவி போடுவதற்கு முன் மகனின் முகத்தைப் பார்த்தார். பாத்திரம் கழுவும்போதுதான், கொரின் இப்படித்தான் நடந்திருக்கிறாள் என்று உறைத்தது. குழாயைத் திறந்து விட்டபடியே அழுதிருக்கிறார்.

காலையில் கொட்டகைக்குப் போனார். லாக்லன் படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இப்படிப் பேசாம இருக்கறத நீ எங்கிட்டதான் கத்துக்கிட்ட. சின்ன வயசுல நான் பேசாம இருந்தா நீ என்ன நெனப்ப?"

லாக்லன் திரும்பவில்லை. "நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனப்பேன். என்ன தப்புன்னு தேடுவேன். கெடைக்காது." கையில் இருந்த துணியால் விரல்களைத் துடைத்தான். "நீங்க இப்ப வந்து மூச்சு, தியானம்னு பேசினா, அந்தச் சின்னப் பையனுக்கு என்னப்பா ஆகப்போகுது?"

"ஒண்ணும் ஆகாது" என்றார் நெவில். அங்கேயே ஒரு டப்பாமேல் உட்கார்ந்திருந்தார். மகன் போகச் சொல்லவில்லை. விடுமுறை முடியும் முன்பே லாக்லன் விமானம் ஏறிவிட்டான்.

நெவில் இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகிறார். ஞாயிறுதோறும் மகனைப் போனில் கூப்பிடுகிறார். பல ஞாயிறு மணி அடித்து ஓய்ந்துவிடும். கொரின் விவாகரத்து முடிந்து, ஓர் இலையுதிர் காலத்தில் மறுமணம் செய்துகொண்டாள். அன்று அவர் லீவு போடவில்லை. பால் ஏற்றப் போனார்.

போன மாதம் லாக்லன் தானாகவே கூப்பிட்டானாம். "எனக்கு இப்ப பேசப் புடிக்கலப்பா. உங்க மேல கோவம் இல்ல. நாளைக்குப் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான். இதைச் சொல்லும்போது நெவிலுக்குக் குரல் உடைந்துவிட்டது. தன் வாயில் ஒரு தடவையாவது அந்த மூன்று வாக்கியம் வந்திருந்தால் என்றார்.

மறுநாள் கூப்பிட்டானா என்று கேட்டேன்.

இல்லை என்றார். அதற்கடுத்த வாரம்தான் கூப்பிட்டானாம்.